ஊரிலிருந்து கட்டி வந்த மூட்டை

மார்கழி பிறந்துவிட்டது. மும்பையில் நம்மவர் வாழும் குடியிருப்புகளில் ஒரு வாயிலில் கோலமும், அடுத்த வீட்டுப் பலகணியில் காகித விண்மீன் விளக்கும் அருகருகே காட்சி தருகின்றன. அச்சுமுறுக்கும் முந்திரிக்கொத்தும் தட்டில் ஏறி வீடுதோறும் செல்லும் காலம் இது. கிறித்தவ இளைஞர் இரவில் கஞ்சிராவுடன் பாடி வரும்போது, தமிழறியாத அண்டை வீட்டாரும் கதவைத் திறந்து நின்று கேட்கின்றனர்.

இந்நாளில் இனியதையே எழுத எண்ணியிருந்தோம். ஆயினும் சென்ற வாரம் அன்பர் ஒருவர் இல்லத்தில் கேட்ட வினா நம்மை விடவில்லை. அது கிறித்தவ இல்லத்தில் எழுந்ததேனும், எல்லாச் சமயத்து நேயர்களுக்கும் உரியதே என்பதால் இங்கே வைக்கிறோம்.

அவரை அண்ணாச்சி என்றே குறிப்போம். நெல்லைச் சீமையிலிருந்து 40 ஆண்டுகளுக்கு முன் இந்நகருக்கு வந்தவர். விடியலில் குடும்பத்தோடு அமர்ந்து தமிழ்க் கீர்த்தனை ஒன்று பாடாமல் அலுவலுக்குச் சென்றறியாதவர். ஆங்கிலப் பள்ளியில் பயின்ற மக்களுக்குத் தமிழ் வேதாகமத்தைத் தாமே எழுத்துக் கூட்டிப் படிப்பித்தவர். அவர் மகன், தங்கள் சபைப் பாடகர் குழுவிலுள்ள தமிழ்ப் பெண் ஒருத்தியை மணக்க விரும்புகிறான். மொழி ஒன்று, சபை ஒன்று, இருவீட்டாரின் மாவட்டமும் ஒன்று. சாதி மட்டும் வேறு. அண்ணாச்சி இசையவில்லை.

"நான் யாரையும் தாழ்வாக நினைப்பவன் அல்லன், தம்பி. ஊரை விட்டு வந்த நமக்குப் பழக்கவழக்கம் ஒன்றுதானே மிச்சம்? பாட்டைக் காத்தேன், மொழியைக் காத்தேன், இதையும் காக்க வேண்டாமா? ஒன்றை அவிழ்த்தால் மூட்டை முழுவதும் சிதறிவிடுமே!" என்றார்.

அடுக்களை வாயிலில் நின்ற மதினியார், "வருஷந்தோறும் நம் வீட்டுக்கு வந்து பாடுகிறவள்தானே! பாட்டுக்கு ஆகிறவள் வீட்டுக்கு ஆகமாட்டாளா?" என்று கேட்டுவிட்டு உள்ளே சென்றார். அண்ணாச்சி மறுமொழி கூறவில்லை. நமக்கும் அப்போது ஒன்றும் சொல்லத் தோன்றவில்லை. வீடு திரும்பிய பின்னர்தான், ஏறத்தாழ 200 ஆண்டுகளுக்கு முன் தஞ்சையில் இதே வழக்கு நடந்தது நினைவுக்கு வந்தது.

அண்ணாச்சி நாள்தோறும் பாடும் கீர்த்தனைகளுட் பல தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் இயற்றியவை. 1774-இல் நெல்லைச் சீமையில் பிறந்து, சுவார்ட்சு ஐயரால் தஞ்சைக்கு அழைத்து வரப்பட்டு, சரபோஜி மன்னரோடு நட்புப் பூண்டு, 1864 வரை வாழ்ந்த பெரும்புலவர் அவர். கோயில் தெய்வங்களைப் பாடி வந்த குறவஞ்சி என்னும் நாடக வகையை எடுத்து, 'பெத்லகேம் குறவஞ்சி' செய்தார். பிற நாட்டிலிருந்து வந்த சமயம் என்ற எண்ணம் எழாதவாறு, கிறித்தவ நம்பிக்கையைத் தமிழ்ப் பண்ணிலும் தமிழ்க் கூத்திலும் குடியேற்றினார். இறையியலார் இன்று பண்பாட்டுமயமாதல் என்று பெயரிட்டு ஆராய்வதை, அவர் அன்றே தாளம் போட்டுப் பாடிவிட்டார்.

சுவார்ட்சு ஐயர் 1798-இல் மறைந்தார். பின்னாளில் புதிதாக வந்த குருமார் பழைய முறைகளை மாற்றத் தொடங்கினர். மனம் நொந்த சாஸ்திரியார் 1829-இல் தம் குறைகளை நான்காக வகுத்து எழுதினார். பழகிய வேதாகம மொழிபெயர்ப்பை மாற்றுவது ஒன்று. வழிபாட்டில் தமிழ்ப் பாடல்களை விலக்குவது மற்றொன்று. திருமணத்திலும் விழாவிலும் பூக்களைத் தடுப்பது மூன்றாவது. நான்காவது யாது? தனித்தனியே அமர்ந்து வந்த சாதியாரைக் கோயிலுள் ஒன்றாகக் கலந்து அமரச் செய்வது!

பாட்டும் பூவும் சாதியும் ஒரே விண்ணப்பத்தில் நின்றன. அண்ணாச்சியின் மூட்டையைப் போன்றதே சாஸ்திரியாரின் மூட்டையும். முன்னோர் தந்தது என்னும் அன்புக் கயிற்றால் கட்டியபோது, எது பூ, எது முள் என்று அப்பெரியார்க்கும் பிரித்துக் காண இயலவில்லை. எதிர்நின்ற குருமாரும் அவ்வாறே தவறினர். முள்ளை எறியப் புகுந்தவர்கள் பூவையும் சேர்த்து எறிந்தனர். தமிழ்ப் பண்ணைப் பிற சமயத்தின் சின்னமாகக் கண்டனர். அதனால் அவர்கள் சாதியைப் பற்றிச் சொன்ன நியாயமும் அயலார் கட்டளையாகவே மக்கள் காதில் விழுந்தது. கல்கத்தாப் பேராயர் தானியேல் வில்சன் 1833-இல் சபையில் சாதி வேற்றுமை கூடாதென்று சுற்றறிக்கை விடுத்தபோது, பலர் சபையையே விட்டு விலகினர்.

காலம் என்ன தீர்ப்பு வழங்கியது? பூ மீண்டும் மணமாலையில் ஏறியது. கீர்த்தனை இல்லாத தமிழ்ச் சபை இன்று அரிது. இவ்விரண்டிலும் சாஸ்திரியார் வென்றார், வென்றது நன்று. சாதியோ, எவர் வாதத்துக்கும் காத்திராமல், நம் பெட்டிகளில் ஏறி இரயிலில் இந்நகர் வரை வந்துவிட்டது. 2003 நவம்பரில் போப்பாண்டவர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர், தமிழ்நாட்டு ஆயர்களிடம் சாதிப் பாகுபாட்டைக் களைய வேண்டுமென வலியுறுத்த நேர்ந்ததெனில், இந்நோயின் வயதை நேயர்கள் உணரலாம்.

அங்ஙனமாயின், எதைக் காப்பது, எதை விடுவது? வேதாகமத்திலேயே இதற்கு ஒரு நிகழ்ச்சி உண்டு. அந்தியோகியா நகரில் பேதுரு, யூதரல்லாத சகோதரரோடு ஒன்றாக உண்டு வந்தார். எருசலேமிலிருந்து சிலர் வந்ததும், அவர்கள் என்ன நினைப்பார்களோ என்று அஞ்சிப் பந்தியிலிருந்து விலகிக்கொண்டார். பவுல் அவரை எல்லார் முன்னும் கடிந்தார். பவுல் தம் இனத்து மரபைப் பழித்தவர் அல்லர். பெந்தெகொஸ்தே நாளில் எருசலேமில் இருக்க வேண்டுமென்று பயணத்தை விரைவுபடுத்தியவர். விழாவைக் கொண்டாடுவதில் அவருக்குத் தடையில்லை. ஒரே அப்பத்தில் பங்குகொண்டவர்களைப் பந்தியில் பிரிப்பதை மட்டும் அவர் பொறுக்கவில்லை.

அண்ணாச்சிக்கு நாம் கூற விரும்பும் மறுமொழி இதிலிருந்தே கிடைக்கிறது. பாட்டை அண்டை வீட்டாருக்கும் கொடுக்கலாம். கொடுத்தால் நம்மிடம் குறைவதில்லை. மொழியும் பலகாரமும் பூவும் அத்தகையவை. சாதியையோ எவருக்கும் கொடுக்க இயலாது. பிறரை விலக்கும் வரையில்தான் அது நம்மிடம் இருக்கும். ஆதலால் இரண்டும் ஒரே மூட்டையில் இருக்கத் தக்கவை அல்ல. அண்ணாச்சி! தங்கள் பேரக் குழந்தைக்கு அந்த விடியற்காலைக் கீர்த்தனையைச் சொல்லித் தரக்கூடியவள் யார்? அதே பாட்டை அறிந்த அப்பெண் அல்லளா? முள்ளைக் காக்கப் புகுந்து பூவை இழந்துவிட வேண்டா.

இவ்வளவு கூறிய நாம் நம்மையும் பார்த்துக்கொள்ள வேண்டும். கைப்பேசியில் வரன் தேடும் நிறுவனங்கள் சாதியைக் கேட்கின்றன என்று வருந்துகிறோம். நம் இதழின் கடைசிப் பக்கத்து 'மணமக்கள் தேவை'ப் பகுதியைச் சென்ற இரவு எடுத்துப் பார்த்தோம். இந்துக்கள், கிறித்தவர் என்ற வேறுபாடின்றி, படிப்புக்கும் குணத்துக்கும் முன்னால் சாதிப் பெயரே நிற்கிறது. அச்சுக்கோத்தவர்கள் நாமே. தை இதழ் முதல் அச்சொல்லை அப்பகுதியில் ஏற்பதில்லை என்று சங்கச் செயற்குழுவின் முன் வைக்க இருக்கிறோம். மாறுபட்ட கருத்துடைய நேயர்கள் எழுதுக; வெளியிடுவோம்.

அண்ணாச்சியிடமிருந்து இன்னும் மறுமொழி இல்லை. கிறிஸ்துமசுக்கு முந்திய இரவுகளில் ஒன்றில் பாடகர் குழு அவர் வீட்டுக்கும் வரும், அப்பெண்ணும் வருவாள். அவர் கதவைத் திறப்பார். எந்த ஆண்டும் திறவாதிருந்ததில்லை. தட்டில் பலகாரம் எடுத்து வைக்கும் மதினியார் கேட்ட கேள்வியும் அங்கே காத்திருக்கும்.

அனைவர்க்கும் நம் கிறிஸ்துமஸ் வாழ்த்து!