கணனியின் குரலும் வாப்பாவின் காதும்



எனது வாப்பாவுக்கு எண்பது வயது கடந்துவிட்டது. பார்வை மங்கிய நாள் முதல் அவருக்குக் கேட்பதொன்றே பொழுதுபோக்கு. அண்மையில் ஒரு மாலை எனது மகன் மடிக்கணனியில் நாகூர் ஈ.எம். ஹனிபாவின் பழைய பாடலொன்றைப் போட்டான். வாப்பா சற்று நேரம் காது கொடுத்துவிட்டு, "இது ஆர்ர குரல்?" என்று கேட்டார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. 2015இல் மறைந்த அந்தப் பாடகரை இலங்கை வானொலியின் முஸ்லிம் சேவையிலும், கலியாண வீட்டு ஒலிபெருக்கிகளிலும், வளைகுடாவிலிருந்து வந்த கஸட்டுகளிலும் வாழ்நாள் முழுக்கக் கேட்டவர் வாப்பா. முதல் அடியிலேயே இனங்காண வேண்டிய குரல் அது. மகன் சத்தத்தை முழுதாகக் கூட்டினான். தகர டப்பாவுக்குள் கல்லைப் போட்டுக் குலுக்கியது போலிருந்ததேயன்றி, குரல் வரவில்லை.

(பாட்டுக் கேட்பது பற்றிய மார்க்கச் சட்டத்தை இங்கு நான் பேச வரவில்லை. கிராஅத் கேட்பவருக்கும் பயான் கேட்பவருக்கும் இதே சிக்கல்தான்.)

சொறிக்கல்முனையில் எனக்கொரு நண்பர் இருக்கிறார். ஒரே பாடசாலையில் படிப்பித்தோம். ஓய்வு பெற்ற பின்னர் வீட்டு விறாந்தையில் றேடியோ திருத்துகிறார். மழை காலமென்றால் கிட்டங்கித் தாம்போதியை வெள்ளம் மூடிவிடும். நல்ல வேளை, நான் போன நாளில் பாதை காய்ந்திருந்தது. கணனியை மேசையில் வைத்துக் கதையைச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, "மௌலவி, இதுக்குள்ள இருக்கிற ஸ்பீக்கர் ஒரு காசளவுதான். அதுக்கிட்ட எதைக் கேக்கிறீங்க?" என்றார்.

அவர் விளக்கியதை எனக்கு விளங்கியபடி சொல்கிறேன். ஒலி என்பது காற்றின் அதிர்வு. தடித்த, ஆழமான ஒலிக்கு நிறையக் காற்றைத் தள்ள வேண்டும். அதற்கு அகன்ற கடதாசிக் கூம்பு தேவை. வளர்ந்த ஆணின் பேச்சுக் குரலுக்கு அடிப்படை அதிர்வு செக்கனுக்கு ஏறத்தாழ 100 முதல் 150 தடவை. மடிக்கணனியின் சின்னஞ்சிறு ஸ்பீக்கர்கள் பெரும்பாலானவை 200க்குக் கீழே அநேகமாக ஊமை. குரலின் உடம்பு போய்த் தோல் மட்டும் மிஞ்சுகிறது. முழுச் சத்தத்தில் வைத்தால் அந்தத் தோலும் கிழிகிறது.

மேற்பக்க அதிர்வுகள் போனால் இன்னொரு நட்டம். பழைய தொலைபேசி 300 முதல் 3400 வரையான அதிர்வுகளை மட்டுமே கடத்தியது. அதனால்தான் அதில் 'ஸ'வும் 'ஃப'வும் ஒன்றாய்க் கேட்கும். 1961இல் பதிவான ஷெய்க் மஹ்மூத் கலீல் அல்ஹுஸரியின் ஓதலைக் கேட்டு மஃக்ரஜ் பழகும் மாணவனுக்கு இது சிறிய விடயமா? எழுத்தொலிகளைத் தெளிவாகப் பிரித்துக் காட்டாத கருவியிடம் அவன் எதைக் கற்பான்?

நண்பர் கேட்டார்: "வீட்டில பழைய கஸட் செட் இல்லையா?" இருந்தது. எண்பதுகளில் சாச்சா சவூதியிலிருந்து கொண்டு வந்தது. கஸட் ஓடாது, அதனுடைய அம்ப்ளிபயருக்கு ஒரு குறையுமில்லை. பின்புறம் 'ஓக்ஸ்' என எழுதிய சிவப்பு, வெள்ளைத் துளைகள் இரண்டு. ஒரு பக்கம் ஹெட்போன் முனையும் மறுபக்கம் இரு முனைகளும் கொண்ட வயர் ஒன்றே எங்களுக்குச் செலவு. 'மைக்' என்றோ 'ஃபோனோ' என்றோ எழுதியிருக்கும் துளையில் மட்டும் செருகிவிடாதீர்கள்; அவை மிக மெல்லிய மின்சைகைக்கானவை, ஒலி கரகரத்துவிடும். ஹெட்போன் துளையே இல்லாத கணனியென்றால், யூ.எஸ்.பி.யில் செருகும் சிறு கருவி கடைகளில் உண்டு.

கணனியின் சத்தத்தை முக்கால் பங்குக்கு மேல் வைத்து, அம்ப்ளிபயரைத் தேவைக்கேற்பத் திருகுங்கள். மாறிச் செய்தால் வயரில் வரும் இரைச்சலும் சேர்ந்து பெருகும்.

எங்களுக்கு 'ம்ம்ம்' என்றொரு ரீங்காரமும் வந்தது. நமது மின்சாரம் செக்கனுக்கு 50 தடவை மாறுவது. அதன் சத்தமே இது. சார்ஜரைக் கழற்றியதும் நின்றது. இரண்டையும் ஒரே பிளக் பலகையில் செருகிய பின் சார்ஜரோடும் பெருமளவு அடங்கிவிட்டது. ரீங்காரத்தை நிறுத்த ஏர்த் வயரை வெட்டிவிடுவோர் உண்டு. தயவுசெய்து அதைச் செய்ய வேண்டாம். மின்கசிவு நேரத்தில் உயிரைக் காப்பது அந்த வயர்தான்.

புதிதாக வாங்குவோர் பெட்டியில் பெரிய எழுத்தில் இருக்கும் பி.எம்.பி.ஓ. கணக்கில் மயங்காதீர்கள். கண்ணிமைக்கும் நேரத்துக்கான கற்பனை எண் அது. ஆர்.எம்.எஸ். வாட் எவ்வளவு என்று கேளுங்கள். வாட்டை இரட்டித்தாலும் சத்தம் சற்றே கூடும். காதுக்கு இரு மடங்காகக் கேட்க ஏறத்தாழப் பத்து மடங்கு வாட் வேண்டும். சாதாரண அறைக்கு நேர்மையான 10 வாட் தாராளம்.

கோப்பே மோசமென்றால் அம்ப்ளிபயர் என்ன செய்யும்? இசை இறுவட்டில் செக்கனுக்கு 1411 கிலோபிட் இருப்பதை 32 ஆகச் சுருக்கி, கைமாறிக் கைமாறி வந்த எம்.பி.3 எதில் போட்டாலும் தேறாது. குறையும் பெரிதாகவே கேட்கும்.

நமது வீடுகள் சீமெந்துச் சுவரும் வழுக்கும் தரையுமானவை. ஒலி பட்டுத் தெறிக்கிறது. நாங்கள் ஸ்பீக்கரை மூலையிலிருந்து முன்னே இழுத்து, கதிரையில் இருப்பவரின் காதுயரத்துக்கு ஏற்றி, தரையில் பாயொன்றை விரித்தோம். மகன் 'பேஸ்' குமிழை முழுதாகத் திருகப் பார்த்தான், இளசுகளின் பழக்கம். நண்பர் தடுத்தார். முதுமையில் முதலில் மங்குவது கூர்மையான ஒலிகளே. அடித்தொனி அதிர்ந்தால் சொற்கள் அமுங்கிப்போகும். 'பேஸை' நடுவில் விட்டு 'ட்றெபிளை'ச் சற்றே கூட்டினோம்.

ஒரு ஸ்பீக்கரில் கூம்பின் ஓரத்துப் பஞ்சு உக்கி உதிர்ந்திருந்தது. ஒன்றுதானா என்று நான் தயங்க, "பழைய பாட்டெல்லாம் ஒற்றைத் தடத்தில் பதிஞ்சது மௌலவி, ஒண்டு போதும்" என்றார். புதிய பதிவுகளுக்காகக் கணனியில் 'மோனோ' என்ற அமைப்பைத் தெரிவு செய்துவிட்டார். இல்லையேல் ஒரு பக்கத்து ஒலி தொலைந்துவிடுமாம்.

இஷாவுக்குப் பின் அதே பாடலைப் போட்டோம். வாப்பா தலையை உயர்த்தினார். "ஹனிபா!" என்றார். பிறகு என் பக்கம் கையை நீட்டி, "கொஞ்சம் குறைச்சி வை மகன், பக்கத்து வீட்டுல புள்ள படிக்கிது" என்றார்.