மிகைநேர ஊதியமும் முதுமைச் சேமிப்பும்

மார்ச் மாதம் நெருங்கினால், புசா ரோட்டில் நம் கிளைக்கு வருவோர் கேட்பது இது: “ஓவர்டைம் பணம் முழுவதையும் சேமநிதியில் செலுத்திவிட்டால் வரி குறையும் அல்லவா?”

மிகைநேர ஊதியமும் சம்பளமே. அதற்கெனத் தனி வரிச்சலுகை இல்லை. சேமநிதிக்கான கட்டாயப் பிடித்தம் அதற்குப் பொருந்தாது. கூடுதலாகச் செலுத்துவது நம் விருப்பம். ஆனால் 2023-24 முதல் இயல்பான முறையாகிவிட்ட புதிய வரிமுறையில், நாம் செலுத்தும் சேமநிதிக்குக் கழிவு கிடையாது.

2025-26 நிதியாண்டுக்கான கணக்கொன்றைக் காண்போம். சம்பளம் 12 லட்சம், மிகைநேர ஊதியம் 1 லட்சம். புதிய முறையில் வரி 26,000 ரூபாய். பழைய முறையில் சேமநிதிக்கு 1.5 லட்சமும், தேசிய ஓய்வூதியத் திட்டத்துக்கு 50,000 ரூபாயும் செலுத்திக் கழித்த பின்னரும் வரி 1,32,600 ரூபாய். வாடகைப்படி, வீட்டுக்கடன் வட்டி போன்றவை பெருந்தொகையாக இருந்தாலன்றிப் பழைய முறை பயன் தராது.

நிறுவனம் தன் பங்காக ஓய்வூதியத் திட்டத்தில் செலுத்தும் தொகைக்குப் புதிய முறையிலும் அடிப்படைச் சம்பளம், அகவிலைப்படியில் 14 விழுக்காடு வரை கழிவு உண்டு. அவ்வசதி உள்ளதா என அலுவலகத்தில் கேட்டறிவது நன்று.

அப்படியாயின் சேமிக்க வேண்டாவா? கட்டாயம் வேண்டும். மிகைநேர உழைப்பு உடல்வலிமை உள்ளவரைதான். அதன் ஒரு பகுதியேனும் முதுமைக்குச் சேர வேண்டும். எனினும் முதலில் வரிக்குரியதை ஒதுக்குவோம்; அவசரத்துக்குக் கையில் சிறிது வைப்போம்; எஞ்சியதை நீண்டகாலச் சேமிப்பில் இடுவோம். சலுகைக்காக மட்டும் சேமிப்பவர், சலுகை நின்றதும் சேமிப்பையும் நிறுத்திவிடுவார். முதுமையோ நிற்காது.