'முஸ்தபா' கேமை காசு கொடுத்தாலும் ஏன் வாங்க முடியவில்லை? ரெட்ரோ தொகுப்புகளில் விடுபட்ட 90ஸ் ஹீரோவின் கதை

மஞ்சள் தொப்பி, ஓடிவந்து பறந்து விடும் ஒரே ஒரு உதை. தமிழ்நாட்டில் 90களில் வீடியோ கேம் கடையை எட்டிப் பார்த்த யாருக்கும் 'முஸ்தபா கேம்' என்றால் இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது. பள்ளி விட்டதும் பையைக் கழற்றாமலே கடைக்குள் நுழைந்து, முன்னால் ஆடுபவர் எப்போது 'காலி' ஆவார் என்று காத்திருந்த தலைமுறை அது.

அந்தத் தலைமுறைக்கு இப்போது 35, 40 வயது. சம்பாதிக்கிறார்கள், கையில் பிளேஸ்டேஷனோ லேப்டாப்போ இருக்கிறது. பழைய ஆர்கேட் கேம்களை மொத்தமாகக் கட்டி 'தொகுப்பு' என்று விற்கும் ரெட்ரோ வியாபாரமும் சில ஆண்டுகளாக சூடு பிடித்திருக்கிறது. ஆனால் அந்தத் தொகுப்புகளில் முஸ்தபாவைத் தேடினால் கிடைக்க மாட்டார். ஏன்?

'முஸ்தபா' என்பது கேமின் பெயரே இல்லை

கேமின் உண்மையான பெயர் 'காடிலாக்ஸ் அண்ட் டைனோசர்ஸ்'. ஜப்பானின் கேப்காம் நிறுவனம் 1993-ல் வெளியிட்டது. ஜாக், ஹன்னா, முஸ்தபா, மெஸ் என நான்கு பேரில் ஒருவரைத் தேர்ந்தெடுத்து, ஒரே நேரத்தில் மூன்று பேர் வரை சேர்ந்து ஆடலாம். தெருவில், காட்டில், சுரங்கத்தில் வரிசையாக வரும் ரவுடிகளை அடித்துக்கொண்டே முன்னேற வேண்டும். இந்த வகைக்கு ஆங்கிலத்தில் 'பீட் எம் அப்' என்று பெயர். நம் ஊர் கடைகளில் சொன்னது 'ஃபைட் கேம்', அவ்வளவுதான்.

நான்கு பேரில் முஸ்தபா கெய்ரோதான் வேகமானவர். கதைப்படி ஒரு இன்ஜினியர், கறுப்பின ஹீரோ. கேமின் பெயரோ வாயில் நுழையாத நீளம். ஆளைத் தேர்ந்தெடுக்கும் திரையில் படிக்க எளிதாக இருந்த பெயர் முஸ்தபா. அது கேமுக்கே பெயராக ஒட்டிக்கொண்டது. தமிழ்நாட்டில் மட்டும் இல்லை, வங்கதேசத்திலும் எகிப்திலும்கூட இந்த கேமை முஸ்தபா பெயரைச் சொல்லித்தான் கேட்பார்கள். (1996-ல் வந்த 'காதல் தேசம்' பாட்டால் வந்த பெயர் என்று இன்னமும் சிலர் நினைக்கிறார்கள். கேம் அந்தப் படத்துக்கு மூன்று வருடம் மூத்தது.)

புதுச்சேரி எல்லை முடிந்ததும் ஈசிஆரில் வரும் கோட்டக்குப்பம் போன்ற ஊரில் இந்தப் பெயருக்கு இன்னொரு அர்த்தமும் உண்டு. இஸ்லாமியர்கள் அதிகம் வாழும் ஊர் அது. முஸ்தபா என்பது அங்கே பக்கத்து வீட்டு அண்ணன் பெயர், மளிகைக் கடை பாய் பெயர். அன்றைய கேம்களில் ஹீரோக்கள் ரியூ, கோடி, கை என்று வந்துகொண்டிருந்தபோது, தெருவில் கூப்பிடும் பெயரோடு ஒரு ஹீரோ வந்தது சாதாரண விஷயம் இல்லை. அந்தக் காலத்து வெளிநாட்டுப் படங்களிலும் கேம்களிலும் அரபுப் பெயர் பெரும்பாலும் யாருக்கு வைக்கப்பட்டது என்று யோசித்துப் பார்த்தால் இது புரியும்.

தொகுப்பில் யார் யார் இருக்கிறார்கள்?

கேப்காம் 2018 செப்டம்பரில் 'கேப்காம் பீட் எம் அப் பண்டில்' என்ற தொகுப்பை வெளியிட்டது. அதில் ஏழு கேம்கள்: ஃபைனல் ஃபைட் (1989), கிங் ஆஃப் டிராகன்ஸ், கேப்டன் கமாண்டோ, நைட்ஸ் ஆஃப் தி ரவுண்ட் (மூன்றும் 1991), வாரியர்ஸ் ஆஃப் ஃபேட் (1992), ஆர்மர்டு வாரியர்ஸ் (1994), பேட்டில் சர்க்யூட் (1997).

கடைசி இரண்டும் அதுவரை ஆர்கேட் மெஷினைத் தாண்டி வீட்டுக்கு வந்ததே இல்லை. அவை ஓடிய 'சிபிஎஸ்-2' போர்டில் ஒரு பேட்டரி இருக்கும். பேட்டரி தீர்ந்தால் உள்ளே இருக்கும் ரகசியக் குறியீடு அழிந்து, போர்டே செத்துவிடும். ரசிகர்கள் வைத்த பெயர் 'தற்கொலை பேட்டரி'. காப்பியடிப்பதைத் தடுக்க நிறுவனமே செய்த ஏற்பாடு இது. அந்தப் போர்டுகள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டிருந்த நேரத்தில் தொகுப்பு வந்தது, அந்த வகையில் நல்ல வேலைதான்.

ஆனால் கேப்காமின் அந்தப் பொற்காலத்தின் மூன்று பெரிய கேம்கள் தொகுப்பில் இல்லை. தி பனிஷர் (1993), ஏலியன் வெர்சஸ் பிரிடேட்டர் (1994), அப்புறம் முஸ்தபா. மூன்றுக்கும் ஒரு ஒற்றுமை உண்டு. கதாபாத்திரங்கள் கேப்காமுக்குச் சொந்தமில்லை, வாடகைக்கு எடுத்தவை.

சிக்கல் எங்கே?

காடிலாக்ஸ் அண்ட் டைனோசர்ஸின் மூலம், அமெரிக்க ஓவியர் மார்க் ஷுல்ட்ஸ் உருவாக்கிய 'ஜெனோசோயிக் டேல்ஸ்' காமிக்ஸ். 1987-ல் தொடராகத் தொடங்கியது. 1993-ல் அதை வைத்து அமெரிக்காவின் சிபிஎஸ் சேனலில் கார்ட்டூன் தொடரும் வந்தது. 13 எபிசோடுகளோடு நின்றுபோனது. அதே வருடம் வந்ததுதான் ஆர்கேட் கேம்.

ஆக, நிரல் கேப்காமுடையது. ஜாக்கும் முஸ்தபாவும் காமிக்ஸ்காரர்களுடையவர்கள். தலைப்பில் இருக்கும் 'காடிலாக்' ஜெனரல் மோட்டார்ஸின் கார் பெயர். வீட்டை வாடகைக்கு எடுத்தவர் ஒப்பந்தம் முடிந்தபின் அதை இன்னொருவருக்கு உள்வாடகைக்கு விட முடியாது, இல்லையா? அதே கதைதான். பழைய கேமை மறுபடி விற்க வேண்டுமென்றால் எல்லோரிடமும் புதிதாகப் பேச வேண்டும், கையெழுத்து வாங்க வேண்டும், பங்கு கொடுக்க வேண்டும்.

மார்வெல் போன்ற பெரிய பெயர் என்றால் அந்தச் சிரமத்துக்கு வருமானம் ஈடுகட்டும். கார்ட்டூனும் நின்று, காமிக்ஸும் அரிதாகிப்போன ஒரு பெயருக்கு எந்த நிறுவனம் வக்கீலை அனுப்பும்? முஸ்தபாவுக்குத் தமிழ்நாட்டிலும் வங்கதேசத்திலும் சீனாவிலும் எவ்வளவு பெரிய கூட்டம் இருக்கிறது என்பது நிறுவனத்தின் விற்பனைக் கணக்கில் தெரிய வழியே இல்லை. காரணம், இந்த ஊர்களில் ஓடிய போர்டுகளில் பல காப்பி போர்டுகள். கடையில் நாம் போட்ட காயின் எதுவும் ஒசாகாவில் இருக்கும் கேப்காமின் புத்தகத்தில் ஏறவில்லை. ஏறாத கணக்கை வைத்து அவர்கள் எப்படி முடிவெடுப்பார்கள்!

பனிஷருக்குத் திறந்த கதவு

உரிமச் சிக்கல் என்றால் நிரந்தரப் பூட்டு என்றும் அர்த்தமில்லை. 2024 செப்டம்பரில் வந்த 'மார்வெல் வெர்சஸ் கேப்காம் ஃபைட்டிங் கலெக்‌ஷன்' தொகுப்பில் ஆறு சண்டை கேம்களோடு தி பனிஷரும் சேர்ந்து வந்தது. 1993 ஆர்கேட் கேம், 31 வருடம் கழித்து. ஏலியன் வெர்சஸ் பிரிடேட்டர் 2019-ல் 'கேப்காம் ஹோம் ஆர்கேட்' என்ற தனி ஜாய்ஸ்டிக் கருவிக்குள் வந்துவிட்டது. கொனாமியின் நிஞ்சா டர்டில்ஸ் கேம்கள் 2022-ல் 'கவாபங்கா கலெக்‌ஷன்' என்று 13 கேம்களாகத் திரும்பி வந்தன.

மூவரில் இருவர் வீடு திரும்பிவிட்டார்கள். மிச்சம் முஸ்தபா.

வந்தவை மறுபடி காணாமல் போவதும் உண்டு. யுபிசாஃப்டின் 'ஸ்காட் பில்கிரிம்' 2010-ல் டிஜிட்டலாக மட்டும் வந்து, 2014-ல் கடைகளிலிருந்து நீக்கப்பட்டு, 2021 ஜனவரியில்தான் திரும்பியது. நடுவில் ஆறு ஆண்டுகளுக்கு மேல் புதிதாக வாங்க வழியே இல்லை.

இது ஒரு கேமின் பிரச்சினை மட்டும் இல்லை. 'வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன்' 2023-ல் வெளியிட்ட ஆய்வின்படி, அமெரிக்காவில் 2010-க்கு முன் வெளியான கேம்களில் 87 சதவீதம் இன்று கடைகளில் விற்பனையில் இல்லை. ஆய்வாளர்கள் இந்த கேம்களை நூலகங்கள் வழியாகத் தொலைவிலிருந்து ஆடிப் பார்க்க அனுமதி கேட்டார்கள். 2024 அக்டோபரில் அமெரிக்க பதிப்புரிமை அலுவலகம் அதை ஏற்கவில்லை.

அப்போ எல்லோரும் ஆடுகிறார்களே, எப்படி?

1997-ல் இத்தாலியின் நிக்கோலா சல்மோரியா தொடங்கிய 'மேம்' என்ற மென்பொருள், ஆர்கேட் போர்டு செய்யும் வேலையைக் கணினியிலேயே செய்து காட்டும். இதைத்தான் எமுலேட்டர் என்கிறார்கள். எமுலேட்டர் உருவாக்குவதே தவறு என்று சோனி போட்ட வழக்கில், 2000-ல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் கனெக்டிக்ஸ் நிறுவனத்துக்கு ஆதரவாகத் தீர்ப்பளித்தது. சிக்கல் எமுலேட்டரில் இல்லை, அதற்குள் போடும் கேம் ஃபைலில். அதைத்தான் 'ராம்' என்பார்கள்.

இந்தியாவில் சட்டம் என்ன சொல்கிறது? 1957-ம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம் கணினி நிரலை 'இலக்கியப் படைப்பு' வகைக்குள் வைத்திருக்கிறது. ஆமாம், சட்டத்தின் கண்ணில் கவிதைத் தொகுப்பும் முஸ்தபாவும் ஒரே அலமாரிதான். அந்தச் சட்டத்தின் 63பி பிரிவுப்படி, திருட்டு நகல் என்று தெரிந்தே ஒரு நிரலைக் கணினியில் பயன்படுத்தினால் 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. லாபத்துக்காகவோ தொழிலுக்காகவோ இல்லை என்றால், நீதிமன்றம் தகுந்த காரணம் காட்டி சிறையைத் தவிர்த்து 50,000 ரூபாய்க்குள் அபராதத்தோடு விடலாம். 'நிறுவனம் இப்போது விற்கவில்லை, அதனால் டவுன்லோடு செய்யலாம்' என்று ஒரு விலக்கு இந்தச் சட்டத்தில் கிடையாது. வாங்க வழியே இல்லாத கேமுக்கும் இதே பிரிவுதான்.

ஆன்லைனில் 'ஆயிரக்கணக்கான கேம்கள் உள்ளே' என்று போட்டு விற்கும் கேம் ஸ்டிக், கையடக்க ரெட்ரோ கருவிகள் இருக்கின்றன அல்லவா? அத்தனை நிறுவனங்களிடமும் உரிமம் வாங்கி அந்த விலைக்குக் கொடுக்க முடியுமா என்று ஒரு நிமிடம் யோசித்தால் விடை தெரிந்துவிடும். இத்தாலியில் 2024-ல் இப்படிப்பட்ட சுமார் 12,000 போலி கருவிகளைக் காவல்துறை பறிமுதல் செய்தது. அங்கே மாட்டியது வாங்கியவர்கள் இல்லை, விற்றவர்கள்.

இதில் இரண்டு பக்கமும் உண்மை இருக்கிறது. ராம் ஃபைல் என்ற ஒன்று இல்லையென்றால் முஸ்தபா இன்று பழைய போர்டு சேகரிப்பவர்கள் வீட்டில் மட்டும்தான் இருப்பார். அதே நேரம், அந்த ஸ்டிக்கை விற்பவர் ஷுல்ட்ஸுக்கோ கேப்காமுக்கோ ஒரு பைசா கொடுக்கப் போவதில்லை. காசு கொடுத்து வாங்கத் தயாராக இருக்கும் ஆளை சட்டப்படியான கவுன்ட்டரே இல்லாமல் நிற்க வைத்திருப்பதுதான் இதில் பெரிய ஓட்டை.

மறுபடி ஆடினால் அதே மாதிரி இருக்குமா?

கொஞ்சம் ஏமாற்றமும் இருக்கும், சொல்லிவிடுவது நல்லது. இந்த கேம்கள் காயினை விழுங்கவே வடிவமைக்கப்பட்டவை. பாஸ் வரும்போது மட்டும் திடீரென்று அடி பலமாக விழுவதும், அடி பட்டன், ஜம்ப் பட்டன் இரண்டையும் சேர்த்து அழுத்தி ஸ்பெஷல் அடித்தால் நம் உயிரே கொஞ்சம் குறைவதும் அதற்காகத்தான். ஃபைனல் ஃபைட்டில் தோற்றால் நம் ஆளை நாற்காலியில் கட்டி, டைனமைட் திரி எரியும். திரி முடிவதற்குள் அடுத்த காயின் போட வேண்டும். பாக்கெட்டில் ஒரே ஒரு ரூபாய் இருந்த பையனுக்கு அந்த விநாடிகள்தான் கேமே.

தொகுப்பில் காயின் ஒரு பட்டன். எத்தனை முறை செத்தாலும் அழுத்தினால் உயிர் வந்துவிடும். ஒரு மணி நேரத்துக்குள் கிளைமாக்ஸ். பல வருடம் கடையில் மூன்றாவது ஸ்டேஜைத் தாண்டாதவர்கள், வீட்டில் ஒரே உட்காரலில் முடித்துவிட்டு 'இவ்வளவுதானா?' என்று கேட்பது இதனால்தான். பழைய ருசி வேண்டுமென்றால், மூன்று கண்டின்யூவுக்கு மேல் இல்லை என்று நாமே கணக்கு வைத்து, பக்கத்தில் ஒருவரை உட்கார வைத்து ஆட வேண்டும். கீழே கிடக்கும் கோழிக்கறியை உயிர் குறைந்தவருக்கு விட்டுக்கொடுப்பதா, நாமே எடுப்பதா என்ற பழைய சண்டை உடனே திரும்பி வந்துவிடும்.

இப்போதைக்கு என்ன வாங்கலாம்?

2018 தொகுப்பு பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன், ஸ்விட்ச், கணினி ஆகியவற்றுக்கு வந்தது. செல்போனுக்கு வரவில்லை. கணினியில் ஆடுபவர்கள் 'ஸ்டீம்' கடையில் ரூபாயிலேயே பணம் கட்டலாம். ஆப் கடைகளில் 'முஸ்தபா' என்று தேடினால் வருபவை கேப்காம் வெளியிட்டவை இல்லை. இறக்கும் முன் ஆப் யாருடையது, போனில் என்னென்ன அனுமதி கேட்கிறது என்று பார்த்துக்கொள்வது பாதுகாப்பு.

முஸ்தபாவுக்குப் பழகிய விரலுக்கு அந்த ஏழில் மிக நெருக்கம் கேப்டன் கமாண்டோவும் வாரியர்ஸ் ஆஃப் ஃபேட்டும். முன்னதில் ஒரு ரோபோவுக்குள் உட்கார்ந்து சண்டை போடும் கைக்குழந்தையும், கத்தி வைத்திருக்கும் மம்மியும் உண்டு. பின்னதில் குதிரை ஏறலாம். மஞ்சள் தொப்பி மட்டும் இரண்டிலும் இல்லை.