ஒரு டிராவுக்குள் அடங்காதவர் ஒலெக் நெய்கிர்க்

2010-இல் விஸ்வநாதன் ஆனந்த் சோஃபியாவுக்கே போய் வெசெலின் தோபலோவை வென்று உலகப் பட்டத்தைத் தக்கவைத்துக்கொண்டபோது, ஒரு கோடி மக்கள்கூட இல்லாத பல்கேரியாவின் சதுரங்க வலிமை நமக்கும் தெரிந்தது. அந்த வலிமைக்கு அடித்தளம் போட்டவர்களில் ஒருவர் ஒலெக் நெய்கிர்க். ஆனால் சதுரங்கம் குறித்து எழுதுபவர்கள் அவரை நினைப்பது பெரும்பாலும் ஒரே ஆட்டத்துக்காகத்தான். 1958-இல் யூகோஸ்லாவியாவின் போர்தோரோஷில் நடந்த, உலகப் பட்டத்துக்கான தகுதிச் சுற்றான இன்டர்சோனல் போட்டியில், பின்னாளில் உலக சாம்பியனான 15 வயது பாபி ஃபிஷருடன் அவர் ஆடிய டிரா அது. ஒரு சிறுவனைத் தோற்கடிக்க மனமில்லாமல் டிராவுக்குச் சம்மதித்தார் என்ற கதையும் கூடவே உலவுகிறது. இந்த ஒரு டிராவை வைத்து அவரை எடைபோடுவது பெரும் அநியாயம்.

பல்கேரியாவின் தேசியப் போட்டி 1933-இல்தான் தொடங்கியது. முதல் சாம்பியன் கெயோர்கி கெஷெவ் 1937-இல் இளம் வயதிலேயே இறந்துபோனார். திபிலிசியில் 1914-இல் பிறந்த நெய்கிர்க் முதன்முறை பட்டம் வென்றதும் அதே ஆண்டில்தான். பிறகு 1938, 1940, 1948, 1953 என்று மேலும் நான்கு முறை வென்றார். இந்த ஆண்டுகளை வரிசையாகப் பார்த்தாலே போதும். முதல் மூன்று பட்டங்களின்போது நாட்டில் மன்னராட்சி நடந்தது. கடைசி இரண்டின்போது கம்யூனிஸ்ட் ஆட்சி. இடையில் ஓர் உலகப் போர். 1939-இல் புவனோஸ் ஐரெஸ் ஒலிம்பியாடில் பல்கேரிய அணிக்காக அவர் ஆடிக்கொண்டிருந்தபோதுதான் ஐரோப்பாவில் அந்தப் போர் வெடித்தது. ஓர் ஆட்டக்காரரின் வலு கூடிவரும் இருபதுகளின் பிற்பகுதியையும் முப்பதுகளின் தொடக்கத்தையும் போரும் ஆட்சிமாற்றமும் விழுங்கிவிட்டன. அதன் பின்னும் 39 வயதில் தேசியப் பட்டத்தை மீண்டும் வென்றவரை ‘ஃபிஷரோடு டிரா செய்தவர்’ என்று ஒற்றை வரியில் கடந்துபோக முடியுமா?

வலுவான எதிராளிகள் இல்லாத நாட்டில் ஐந்து பட்டம் வெல்வது பெரிய காரியமா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான், ஏனென்றால் உள்நாட்டுப் பட்டம் மட்டும் ஒருவரின் தரத்துக்குச் சான்றாகிவிடாது. வெளிநாட்டுக் களத்தில் காட்டிய திறனைத்தான் பார்க்க வேண்டும். அதற்கும் போர்தோரோஷே பதில் சொல்கிறது. இன்டர்சோனல் கட்டத்தை எட்டிய முதல் பல்கேரியர் அவர்தான். அப்போது அவருக்கு 44 வயது. சோவியத் வீரர் மிகயில் தால் முதலிடம் பிடித்த, அவருடைய நாட்டவர்களான பெத்ரோசியனும் பிரான்ஸ்டைனும் ஆடிய, 21 பேர் கொண்ட அந்தக் களத்தில் அவர் முன்னணிக்கு வரவில்லை. ஆனால் பிற்காலத்தில் உலகின் முன்னணி ஆட்டக்காரர்களில் ஒருவராக உயர்ந்த டேனிஷ் வீரர் பெண்ட் லார்சனைவிட மேலே முடித்தார். தாலும் ஃபிஷரும் பிறப்பதற்கு முன்பே ஆடத் தெரிந்தவர் அவர்களோடு ஒரே போட்டியில் அமர்ந்து தாக்குப்பிடித்தார் என்பதுதான் எனக்கு அந்த டிராவைவிட முக்கியமாகப் படுகிறது.

கிராண்ட்மாஸ்டர் பட்டத்தை எட்டவில்லையே என்பது இன்னொரு குறை. அவர் சர்வதேச மாஸ்டர் ஆனவர். பல்கேரியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் என்ற பெருமை 1961-இல் மில்கோ போபோத்சோவுக்குத்தான் கிடைத்தது. நெய்கிர்க் போர்தோரோஷில் ஆடிய அதே 1958-இல், வார்னாவில் நடந்த மாணவர் ஒலிம்பியாடில், ராணியைப் பலிகொடுத்துத் தாலை வீழ்த்தியவர் போபோத்சோவ். அந்த வெற்றியின் பெருமை முழுக்க அவருடையதுதான். ஆனால் 1931-இல் பிறந்த அவர் ஆடத் தொடங்கிய காலத்தில், ஜெயித்துக் காட்டுவதற்குத் தேசியப் போட்டியும் அதில் தோற்கடிக்க வேண்டிய சாம்பியன்களும் இருந்தார்கள். 1933-க்கு முன் ஒரு பல்கேரிய இளைஞனுக்கு அந்த வாய்ப்பே கிடையாது. முதல் தலைமுறையின் உயரத்தை அடுத்த தலைமுறை ஏறிய படியின் அளவுகோலால் அளப்பதால்தான் நெய்கிர்க் சிறியவராகத் தெரிகிறார்.