போன் பேசிக்கொண்டே கிறுக்கிய படகு!

போன் பேசும்போது கையில் பேனா இருந்தால் என்ன செய்வோம்? பூ, நட்சத்திரம், வட்டம் என்று எதையாவது கிறுக்குவோம். 1969-ல் புரூஸ் கிர்பி கிறுக்கியது ஒரு படகு!

கிர்பி கனடாக்காரர், பத்திரிகையாளர். படகு வடிவமைப்பைத் தானாகவே கற்றுக்கொண்டவர். கார் கூரையில் கட்டி எடுத்துப்போகிற மாதிரி சின்னப் பாய்மரப் படகு ஒன்று வேண்டும் என்று நண்பர் இயான் புரூஸ் போனில் கேட்க, பேசியபடியே வரைந்தார். படகைக் கேட்ட நிறுவனம் பின்வாங்கியதால், படம் சும்மா கிடந்தது. 1971-ல் ‘லேசர்’ என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. இதுவரை 2 லட்சத்துக்கும் மேல் கட்டியிருக்கிறார்கள்.

அப்படி என்ன விசேஷம்? எளிமைதான். ஒரே ஆள், ஒரே பாய். நீளம் சுமார் 4.2 மீட்டர். படகின் உடல் எடை 59 கிலோ. சட்டைக் கைக்குள் கையை விடுவதுபோல, பாயை மரத்தில் மாட்டிவிடலாம்.

செய்முறையும் சுவாரஸ்யம். ஃபைபர் படகுக்கு அச்சுதான் எல்லாம். அச்சில் முதலில் மெழுகு தடவுவார்கள். அடுத்தது ‘ஜெல்கோட்’, படகின் பளபளப்பான வெளித்தோல் இதுதான். அதன்மேல் கண்ணாடி இழை விரிப்பு, ரெசின். உருளையை உருட்டிக் காற்றுக்குமிழ்களை விரட்டுவார்கள். குமிழ் தங்கிய இடம் பலவீனமாகிவிடும். இறுகியதும், தட்டிலிருந்து இட்லி எடுப்பதுபோல வெளியே எடுத்து, தனியாக வார்த்த மேல்தளத்தை ஒட்டிவிடுவார்கள். காசிமேட்டில் நாம் பார்க்கும் ஃபைபர் படகுகளும் அச்சில் பிறந்தவைதான்.

எல்லா லேசரும் ஒரே வடிவம். இஷ்டத்துக்கு மாற்ற விதி அனுமதிக்காது. பயிற்சிக்குச் செலவு உண்டுதான். ஆனால், பணத்தைக் கொட்டி வேகமான படகு செய்துகொள்ள முடியாது.

1996-ல் லேசர் ஒலிம்பிக்கில் நுழைந்தது. அதே படகில் சிறிய பாய் கட்டினால், ‘லேசர் ரேடியல்’. 2021-ல் டோக்கியோவில் அதை ஓட்டியவர்களில் ஒருவர், நம்ம சென்னைப் பெண் நேத்ரா குமணன்! ஒலிம்பிக் பாய்மரப் போட்டிக்குத் தகுதிபெற்ற முதல் இந்தியப் பெண். அங்கே படகுகளை அமைப்பாளர்களே தந்தார்கள். உலக சாம்பியனுக்கு என்ன படகோ, அதேதான் நேத்ராவுக்கும்.

அந்தப் போட்டி தொடங்கச் சில நாள்களுக்கு முன்புதான், 92 வயதில் கிர்பி காலமானார். அவர் கிறுக்கிய படகு இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது.