கத்தி வைக்க நாளைப் பார்ப்பதா, உடம்பைப் பார்ப்பதா?

மனிதனுடைய உடம்பு கடவுள் கொடுத்தது, அதில் மனிதன் கை வைப்பது பாவம் என்று சொல்லுகின்ற வைதீகர்கள், தங்கள் கண்ணில் புரை விழுந்தால் கண் ஆஸ்பத்திரிக்குத்தான் ஓடுகின்றார்களே யொழிய, கண்ணாத்தாள் சன்னதியில் போய் உட்கார்ந்து கொண்டிருப்பதில்லை. பல் விழுந்தால் பொய்ப்பல் கட்டிக் கொள்ளுகின்றார்கள். தலை நரைத்தால் சாயம் பூசிக் கொள்ளுகின்றார்கள். ஆனால் நாலு பிள்ளை பெற்று வயிற்றுத் தசை விலகித் தொங்கும் ஒரு பெண்ணோ, மிதமிஞ்சிய பருமனைப் பெரும்பாடுபட்டுக் குறைத்த பின் தோல் மாத்திரம் பையாய்த் தொங்கும் ஒரு ஆணோ, "இதை அறுத்துச் சீர்படுத்திக் கொள்ளப் போகின்றேன்" என்றால், அப்பொழுது மாத்திரம் இவர்களுக்குக் கடவுள் கொடுத்த உடம்பு ஞாபகத்துக்கு வந்துவிடுகின்றது. இது என்ன நியாயம் என்று கேட்கின்றோம்.

இந்தச் சிகிச்சையின் சங்கதி இன்னதென்று முதலில் தெரிந்து கொள்ள வேண்டும். வயிறு, தொடை, புஜம் முதலிய இடங்களில் தொங்கும் தோலை அறுத்தெடுத்து, வயிற்றில் விலகிய தசையையும் இழுத்துத் தைப்பது ஒரு வகை. அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்து டாக்டர் ஹோவர்ட் கெல்லி என்பவர் 1899-லேயே தொங்கும் வயிற்றை இப்படி அறுத்தெடுத்திருக்கின்றார். தோலுக்கடியில் குழாயை விட்டுக் கொழுப்பை உறிஞ்சி எடுப்பது மற்றொரு வகை. இது 1970-களில் ரோமாபுரியில் பிஷர் என்னும் தகப்பனும் மகனும், பாரீசில் இல்லூஸ் என்பவரும் பழக்கத்துக்குக் கொண்டு வந்தது. ஆகவே இரண்டும் மனிதன் யோசித்து, சோதித்து, தவறினால் திருத்தி உண்டாக்கிய வித்தைகளே தவிர, எந்த ரிஷியும் ஞானதிருஷ்டியால் கண்டு சொன்னவை அல்ல.

இதைச் சொன்னவுடன், "இதெல்லாம் நம் முன்னோர்களிடம் அப்பொழுதே இருந்தது" என்று ஒரு கூட்டம் கிளம்பி விடுகின்றது. 2014-ஆம் வருஷம் அக்டோபர் மாதத்தில் மும்பையில் ஒரு ஆஸ்பத்திரித் திறப்பு விழாவில் பேசிய பிரதமர் நரேந்திர மோடி அவர்கள், பிள்ளையாருக்கு யானைத் தலை ஒட்டியிருப்பதைக் காட்டி, அந்தக் காலத்திலேயே இப்படிப்பட்ட ரணசிகிச்சை வைத்தியர் இருந்திருக்க வேண்டும் என்று பேசினார். சுஸ்ருதர் பேரால் வழங்கும் நூலில் அறுபட்ட மூக்கைச் சீர்செய்யும் முறை எழுதியிருப்பது வாஸ்தவம்தான். அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அந்த வித்தை பிற்காலத்தில் யார் கையில் இருந்தது? திப்பு சுல்தானோடு நடந்த சண்டையில் மூக்கறுபட்ட கௌவாஸ்ஜி என்னும் மாட்டுவண்டிக்காரனுக்கு, நெற்றித் தோலை இறக்கி மூக்கு வைத்துத் தைத்த செய்தி 1794-ல் லண்டன் பத்திரிகையில் வெளிவந்தது. அதைப் பார்த்துப் பழகித்தான் கார்ப்யூ என்னும் ஆங்கில டாக்டர் 1814-ல் லண்டனில் அதே சிகிச்சையைச் செய்தார். அந்தப் பூனா மனிதன் வேதம் ஓதியவனா? அல்ல. செங்கல் அறுக்கும் ஜாதிக்காரன் என்று அந்தப் பத்திரிகையே சொல்லுகின்றது. வைத்தியனைச் சிரார்த்தத்துக்கு அழைக்கக் கூடாது, அவன் அன்னத்தைத் தொடக் கூடாது என்று மனுதர்மம் விதித்தது. கை வேலை செய்தவனை இழிவுபடுத்தி வைத்துவிட்டு, இன்று அந்த வித்தைக்குப் பிள்ளையாரைச் சொந்தக்காரராக்குவது எவ்வளவு பெரிய புரட்டு என்பதை வாசகர்களே யோசித்துக் கொள்ளட்டும்.

நிற்க, இந்தச் சிகிச்சைக்குப் போகின்றவர்கள் அதற்கு எப்படித் தயாராகின்றார்கள் என்பதுதான் நாம் இங்கு முக்கியமாக எழுத வந்த விஷயம். நம் ஜனங்கள் செய்யும் தயாரிப்பு என்ன? ஜாதகத்தை எடுத்துக்கொண்டு ஜோசியனிடம் ஓடுவது, அஷ்டமி நவமி பார்ப்பது, ராகுகாலம் கழிந்தபின் கத்தி வைக்கும்படி டாக்டரிடம் கெஞ்சுவது, குலதெய்வத்துக்கு முடி இறக்குவது, நாற்பத்தெட்டு நாள் ஒருவேளைச் சாப்பாடு என்று விரதம் இருப்பது, கையில் மந்திரித்த கயிறு கட்டுவது ஆகியவைகளே. டாக்டர் கேட்கும் உடம்பு ஒன்று. இவர்கள் கொண்டுபோய் நிறுத்தும் உடம்பு வேறொன்று. நாள் நன்றாயிருந்து ரத்தம் மோசமாயிருந்தால் அந்த நாள் வந்து காயத்தை ஆற்றிவிடுமா?

உண்மையான தயாரிப்பு மாதக் கணக்கில் ஆகும். முதலாவது, எடை. எடை இறங்கிக்கொண்டே இருக்கும்பொழுது அறுத்தால், மேலும் இறங்கியபின் தோல் மறுபடியும் தொங்கும். ஏறிக்கொண்டே இருந்தால் தைத்த இடம் இழுபடும். ஆகவே குறைந்தது மூன்று மாதம், கூடுமானால் ஆறு மாதம், எடை ஒரே நிலையில் நிற்க வேண்டும். இரைப்பையைக் குறைக்கும் ஆபரேஷன் செய்துகொண்டு மெலிந்தவர்கள் ஒரு வருஷம், ஒன்றரை வருஷம் பொறுத்திருப்பதே வழக்கம். உயரத்துக்குத் தகுந்த எடைக் கணக்கில் 30-க்கு மேல் இருந்தால் ஆபத்து கூடும். ஐந்தேகால் அடி, அதாவது 160 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒருவருக்கு அந்த 30 என்பது சுமார் 77 கிலோ. கொழுப்பை உறிஞ்சி எடுத்தால் நீரிழிவு தீர்ந்து விடும் என்று எண்ணுகின்றவர்களுக்கு ஒன்று சொல்லுகின்றோம். அமெரிக்காவில் பருத்த பெண்கள் 15 பேருக்கு வயிற்றிலிருந்து ஒன்பது பத்து கிலோ கொழுப்பை எடுத்து, சில வாரம் கழித்துச் சோதித்ததில், சர்க்கரையிலும் ரத்த அழுத்தத்திலும் ஒரு மாற்றமும் காணவில்லை என்று 2004-ல் வெளியிட்டிருக்கின்றார்கள். இது உருவத்தைத் திருத்துமே யல்லாது வியாதியைத் திருத்தாது.

இரண்டாவது, புகையிலை. இது பீடியானாலும் சரி, சிகரெட்டானாலும் சரி, வாயில் அடக்குவதானாலும் சரி, மூக்குப்பொடியானாலும் சரி, எல்லாம் ஒன்றே. அறுத்து விலக்கி இழுத்துத் தைத்த தோல், மயிர் போன்ற மெல்லிய ரத்தக் குழாய்களை நம்பித்தான் உயிரோடு இருக்கின்றது. புகையிலையின் விஷம் அந்தக் குழாய்களைச் சுருக்கி விடும். அப்பொழுது தைத்த தோல் கறுத்துச் செத்து, காயம் பிளந்து, மாதக் கணக்கில் புண்ணாய்க் கிடக்க நேரும். ஆகையால் ஆபரேஷனுக்கு முன் குறைந்தது நான்கு வாரமும், பின் நான்கு வாரமும் அதைத் தொடவே கூடாது. மாலை போட்டால் நாற்பத்தெட்டு நாள் பீடியை விடத் தெரிந்தவனுக்கு, தன் தோலுக்காக விட முடியாது என்றால் நாம் நம்பமாட்டோம்.

மூன்றாவது, ஆகாரமும் ரத்தமும். 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு மேல் ரத்தசோகை உள்ளவர்கள். அதே கணக்கில் நூற்றுக்கு 40 பேர் அதிக எடை உள்ளவர்கள். உடம்பு பருத்தும், ரத்தம் வற்றியும் இருப்பது எப்படி? ஆண்கள் எல்லோரும் உண்டு எழுந்தபின் மிஞ்சிய சோற்றையும் ரசத்தையும் உண்பதுதான் பத்தினி லட்சணம் என்று பழக்கி வைத்திருப்பதே இதற்குப் பெரிய காரணம். அரிசியால் உடம்பு பருக்கும். ஆனால் காயத்தை ஆற்றுவதற்கு வேண்டிய புரதமும் இரும்புச் சத்தும் அதில் போதாது. முட்டை, மீன், கறி, பருப்பு, கடலை, கீரை ஆகியவைகள் அந்தப் பெண்ணின் தட்டில் முதலில் விழ வேண்டும். 60 கிலோ எடையுள்ளவருக்கு ஒரு நாளைக்கு 60 கிராம் புரதமாவது வேண்டும்; ஒரு முட்டையில் இருப்பது சுமார் ஆறு கிராம்தான். இந்த நிலையில் ஆபரேஷனுக்கு முந்திய மாதத்தில் விரதம் இருப்பதைப்போன்ற மடமை வேறு உண்டா? சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மாத்திரம் அளவை டாக்டரைக் கேட்டுக் கொள்ள வேண்டும். நீரிழிவுள்ளவர்கள் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டு வந்த பிறகே தேதி வைக்க வேண்டும். பஞ்சாங்கம் காட்ட வேண்டியதில்லை. ரத்தச் சோதனைச் சீட்டுத்தான் முகூர்த்தப் பத்திரிகை.

நான்காவது, அசைவு. தினம் அரைமணி நேரம் வேகமாய் நடப்பது, மூச்சை நன்றாய் இழுத்து விட்டுப் பழகுவது, கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்கார்ந்து தொடையைப் பலப்படுத்துவது ஆகியவைகளை முன்னாலேயே ஆரம்பிக்க வேண்டும். ஏனென்றால் வயிற்றில் தையல் போட்டபின் சில நாள் குனிந்தே நடக்க நேரும். வயிற்றை முக்கி எழுந்திருக்க முடியாது. படுத்தே கிடந்தால் காலில் ரத்தம் உறைந்து, அது நெஞ்சுக்கு ஏறி உயிரையே வாங்கி விடும். ஆதலால் டாக்டர் எழுந்து நடக்கச் சொன்னவுடன் நடக்க வேண்டும். "பச்சை உடம்பு, அசையாதே" என்று பாட்டிமார் சொல்லுவதைக் கேட்கக் கூடாது.

ஐந்தாவது, ஒளிக்காமை. ஆஸ்பிரின், வலி மாத்திரை, கருத்தடை மாத்திரை, மீன் எண்ணெய், லேகியம், சூரணம், எடை குறைக்கும் ஊசி என்று எதைச் சாப்பிட்டாலும், போட்டுக் கொண்டாலும் டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். சில மருந்துகள் ரத்தத்தை உறைய விடா. சில உறைய வைக்கும். எடை ஊசியோ வயிற்றில் உணவைத் தங்க வைத்து, மயக்க மருந்து கொடுக்கும்பொழுது மூச்சுக் குழாயில் ஏறச் செய்யும். ஆனால் டாக்டரைக் கேளாமல் எதையும் தானே நிறுத்தவும் கூடாது.

இவை யாவும் முடிந்தாலும் வீடு தயாராக வேண்டும். சுமார் ஆறு வாரம் பாரம் தூக்கக் கூடாது. குடத்தை யார் தூக்குவது? குழந்தையை யார் இடுப்பில் வைப்பது? சோறு யார் பொங்குவது? புருஷன் கையில் கரண்டியைப் பிடிக்காத வீட்டில், பெண்ணுடைய தையல் பிரியும் என்பதை ஆண் தோழர்கள் மனதில் வைக்க வேண்டும்.

இனி, ஜோசியனை விட்டவன் விளம்பரக்காரனிடம் போய்ச் சிக்கக் கூடாது. "ஒரே நாளில் ஒல்லி" என்று போர்டு போட்ட அழகு நிலையத்தில் உடம்பைக் கொடுப்பது மந்திரவாதியிடம் கொடுப்பதைவிட மோசம். கத்தி வைப்பவர் பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சிஎச். போன்ற மேற்படிப்பு முடித்தவரா, மயக்க மருந்துக்குத் தனி டாக்டர் உண்டா, ஆபத்து வந்தால் தீவிர சிகிச்சைக்கு வசதி உண்டா என்று நேராகக் கேட்க வேண்டும். கேட்டால் கோபிக்கிறவர் டாக்டரல்ல, புரோகிதர்.

"இது பணக்காரர் ஆடம்பரம், சுயமரியாதைக்காரனுக்கு இதில் என்ன வேலை?" என்று நம்மவர்களிலேயே சிலர் கேட்கலாம். தோல் மடிப்பில் வேர்வை ஊறிப் புண்ணாகி, நடக்கவும் உட்காரவும் முடியாமல் இருப்பவருக்கு இது ஆடம்பரமா? 2018-ல் சென்னை ஸ்டான்லி அரசாங்க ஆஸ்பத்திரியில் ஏழைப் பெண்களுக்கு மார்பகச் சீரமைப்புச் சிகிச்சை இலவசமாய்ச் செய்ய ஏற்பாடு செய்தபொழுது, ஏழைக்கு எதற்கு இது என்று கேலி செய்தவர்கள் உண்டு. பணக்காரிக்கு உடம்பு, ஏழைக்கு வெறும் கட்டை என்பதுதான் அந்தக் கேலியின் அர்த்தம்.

ஆனால் மாப்பிள்ளை வீட்டார் "இடுப்பு பெரிது" என்று சொன்னதற்காக ஒரு பெண்ணைக் கத்திக்கு அனுப்புவது, வரதட்சணையோடு சதையையும் சேர்த்துக் கேட்பதே யாகும். அப்படிப்பட்ட இடத்தில் அறுத்தெறிய வேண்டியது பெண்ணின் வயிறல்ல, அந்தச் சம்பந்தத்தையே.

ஆகவே தோழர்களே! தன் உடம்பு தன்னுடையது. அதைத் திருத்துவதா, அப்படியே வைத்துக் கொள்வதா என்று தீர்மானிப்பதும் அந்த உடம்புக்குரியவரின் உரிமை. திருத்துவதென்று தீர்மானித்தால், ஜோசியனைக் கேளாமல் டாக்டரைக் கேளுங்கள். விரதத்தை விட்டு வயிறார உண்ணுங்கள். பீடியை எறியுங்கள். நடங்கள். அந்தத் தயாரிப்பு, ஒரு வேளை கத்தியே வேண்டாமென்று முடிவு செய்தாலும், உங்களுக்கு லாபமே தவிர நஷ்டம் அல்ல. எந்த நேர்த்திக்கடனைப் பற்றியாவது இப்படிச் சொல்ல முடியுமா என்று யோசித்துப் பார்க்கும்படி கேட்டுக் கொள்ளுகின்றோம்.