பாட்டைத் தாண்டலாமா?

சென்ற ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் ஒரு சிறு சச்சரவு நேர்ந்தது. ராமானந்த் சாகரின் ராமாயணத் தொடரை என் புதல்விக்குக் காட்டலாமென்று டெலிவிஷன் முன் உட்கார்ந்தேன். முகப்புப் பாட்டு ஆரம்பித்து நாலு விநாடி ஆகவில்லை. அவள் ஒரு பொத்தானை அழுத்தினாள். பாட்டு மறைந்தது, கதை வந்து நின்றது.

"ஏனம்மா பாட்டைத் தாண்டிவிட்டாய்?" என்றேன்.

"பாட்டிலே கதை ஒன்றும் நடக்கவில்லையே, அப்பா!" என்றாள்.

நான் உபாத்தியாயன். கேட்ட கேள்விக்கு விடை சொல்லாமல் விடுவது எங்கள் தொழிலுக்கு வழக்கமில்லை. அவளுக்குச் சொன்னதையே வாசகர்களுக்கும் சொல்லுகிறேன்.

அந்தத் தொடர் 1987-ஆம் வருஷம் ஜனவரி 25-ந் தேதி தூர்தர்ஷனில் ஆரம்பமாயிற்று. 78 பகுதிகளாக மறு வருஷம் ஜூலை 31 வரையில் ஞாயிறுதோறும் காலையில் நடந்தது. எனக்கு அப்பொழுது வயது ஏழு. காவிரிக் கரையிலிருந்த எங்கள் தெருவில் டெலிவிஷன் பெட்டி ஒன்றே ஒன்றுதான். ஹிந்தி அறிந்தவரோ ஒருவரும் இல்லை. என் பாட்டிக்குக் கண்ணில் புரை விழுந்திருந்தது. திரையில் ஏதோ நிழல் அசைவது மட்டுமே தெரியும். பாஷையும் தெரியாது, பார்வையும் இல்லை. பின் பாட்டி எதற்காக அங்கே போனாள்? பாட்டுக் கேட்கத்தான் போனாள். முகப்புப் பாட்டு தெருவில் எழுந்ததும் அடுப்பை அணைத்துவிட்டுப் புறப்படுவாள். இசை குழைந்து துக்கமாக மாறும் தருணத்தில், "கைகேயி வரம் கேட்டுவிட்டாளாடா?" என்று என் காதில் கேட்பாள். நான் திரையைப் பார்த்து, "ஆமாம், பாட்டி" என்பேன். ஒரு நாளும் அவள் தவறியதில்லை.

அந்த இசையை அமைத்த ரவீந்திர ஜெயின் பிறவியிலேயே பார்வையற்றவர் என்பதைப் பிற்காலத்தில்தான் அறிந்தேன். பார்ப்பதற்கென்றே ஏற்பட்ட ஒரு சாதனத்தில், பாராத ஒருவர் அமைத்த இசை, பாராத ஒரு கிழவிக்குக் கதையைக் கொண்டு வந்து சேர்த்தது.

துளசிதாசர் 1574-ல் எழுதத் தொடங்கிய ராமசரிதமானஸத்தின் செய்யுட்கள் அத்தொடரில் பல இடங்களில் வருகின்றன. சௌபாயி என்னும் அச்செய்யுளுக்கு அடி ஒன்றுக்கு 16 மாத்திரை. வடநாட்டு வீடுகளில் தலைமுறை தலைமுறையாகப் பாராயணம் செய்து வரும் நடை. பாத்திரங்கள் பேச்சற்று நிற்கும்போது அது பின்னாலிருந்து எழும். பல நாள் நடந்த காட்டு வழியை ஒரு பாட்டு கடந்துவிடும். வாய்விட்டுச் சொல்ல முடியாத துயரத்தை மற்றொரு பாட்டு சொல்லிவிடும். நம் ஊர்க் கதாகாலக்ஷேபத்தில் பாகவதர் வசனத்தை நிறுத்திவிட்டுப் பாட்டெடுப்பதும் இதே காரியத்துக்காகத்தானே?

பின்னர் வந்த உத்தர ராமாயணத் தொடரில் லவனும் குசனும் ராமனுடைய சபையில் பாடுகிறார்கள். இது டெலிவிஷன்காரர் சேர்த்த சரக்கு அல்ல. தம் காவியத்தை அவ்விரு சிறுவர்களுக்கும் கற்பித்துப் பாடச் செய்தவர் வால்மீகியே. சீதை பட்ட துன்பத்தை அரசனுடைய முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும். வசனமாகச் சொன்னால் அது குற்றச்சாட்டு. பாட்டாகச் சொன்னதால் சபை முழுவதும் கேட்கிறது, அரசனும் கேட்கிறான். அந்தப் பாட்டைத் தாண்டினால் மிச்சம் என்ன கதை இருக்கிறது?

எல்லாத் தொடர்களின் இசைக்கும் நான் வக்காலத்து வாங்கவில்லை. ஒரே முழக்கத்தை மூன்று தரம் அடித்து, ஒரே முகத்தை மூன்று தரம் காட்டும் தொடர்களும் உண்டு. அவற்றைத் தாண்டினால் பாவமில்லை.

2020-ஆம் வருஷம் மார்ச்சு மாதம் தேசமே வீட்டுக்குள் அடைந்து கிடந்த சமயத்தில் தூர்தர்ஷன் அந்தத் தொடரை மறுபடியும் காட்டிற்று. பாட்டி காலமாகிப் பல வருஷம் ஆகிவிட்டது. ஆயினும், முகப்புப் பாட்டு எழுந்தவுடன் நான் என்னையறியாமல் அடுக்களைப் பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

இவ்வளவையும் கேட்ட என் புதல்வி ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த பகுதி ஆரம்பமாயிற்று. பாட்டு முடியும் வரையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பாட்டை ரசித்தாளா, என்னைப் பொறுத்துக்கொண்டாளா என்பது எனக்குத் தெரியாது. ஆனால் மறுநாள் காலையில் பள்ளிக்கூடத்துக்குப் பின்னல் போட்டுக்கொள்ளும்போது, அந்த மெட்டைத்தான் முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.